தோட்டத்து ஊறுகாயும் கிந்தாவின் உப்பு முட்டையும்

ஊறுகாய் என்னும் சொல்லை வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் எழுதாத தமிழாசிரியர் மிகச் சிலரே இருப்பர். ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்துக்கும் பொருந்தி, காலங்காட்டும் உறுப்பு மறைந்து நிற்பது அச்சொல்லின் இயல்பு. இலக்கணத்திற்காக இத்தனை முறை எடுத்தாளப்பட்ட சொல், அது குறிக்கும் பண்டத்தின் வரலாற்றிற்காக எடுத்தாளப்படுவது அரிது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழரைப் பற்றிய நூல்களில் இக்குறை இன்னும் மிகுதி. கப்பல், கங்காணி, கூலி, கள்ளுக்கடை, சங்கம், வேலைநிறுத்தம் ஆகியவை பற்றி அவற்றில் விரிவாகக் காணலாம். அடுக்களையின் மூலையில் துணி கட்டி வைத்திருந்த சாடியைப் பற்றி ஒரு வரி காண்பது கடினம்.

பேராக் மாநிலத்தைப் பொறுத்தவரை அச்சாடியை முன்வைத்து ஒரு கேள்வி எழுகிறது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் தமிழரும் சீனரும் நூறாண்டுக்கு மேலாக அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றனர். சீனர் வாத்து முட்டையை உப்பில் ஊறவைத்துப் பண்டிகைக்கு எடுப்பவர்கள். தமிழர் மாங்காயையும் எலுமிச்சையையும் உப்பில் ஊறவைத்துப் பண்டிகைக்கு எடுப்பவர்கள். சீனர் கடையின் உப்பு முட்டையைத் தமிழர் விரும்பி வாங்கி உண்டனர். சோற்றுக்கும் கஞ்சிக்கும் அது நல்ல துணையாயிற்று. எனினும், தோட்டத்துத் தாய்மார் அம்முட்டையைத் தம் கையால் ஊறப்போடும் வழக்கத்தைப் பெரும்பாலும் மேற்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் கலை ஏன் இந்த வேலியைத் தாண்டவில்லை?

விடை தேடுமுன், ஊறுகாயின் பழமையைச் சிறிது நோக்குதல் நன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் அந்தணர் இல்லத்தில் பெறும் உணவைச் சொல்லும் இடத்தில், மாவின் நறிய பிஞ்சைப் பிளந்து இட்ட காடி பேசப்படுகிறது. அஃது ஊறுகாயைக் குறிப்பதாக உரைகாரர் கொள்வர். வடுமாங்காயின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம். இதே புலவர் பாடிய மற்றொரு பாட்டுப் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களுள் காழகத்துப் பொருளையும் அது எண்ணுகிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். கடாரம் இன்றைய கெடா. பேராக்கின் வடக்கு எல்லையில் உள்ள மாநிலம். மாவடு ஊறுகாயைப் பாடிய நாவே மலாய்க் கரையையும் பாடியிருப்பது தற்செயல்தான். ஆயினும் இலக்கிய வகுப்பில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் மாணவர் மறவார்.

ஊறுகாய் நிலத்துக்கு உரிய பண்டம் மட்டுமன்று, கடலுக்கும் உரியது. பதினான்காம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய மொரோக்கோ நாட்டு இபன் பதூதா இதற்குச் சான்று தருகிறார். கீழ்க்கடல் நாடொன்றில் அரசமகள் ஒருத்தி அவருக்கு அளித்த பரிசுகளில் நான்கு பெரிய மர்த்தபான் சாடிகள் இருந்தன. அவற்றில் இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும், கடற்பயணத்துக்கு ஆயத்தம் செய்யும் முறையில் உப்பிட்டு நிரப்பப்பட்டிருந்தன. அந்த நாடு எது என்பதில் அறிஞர் உடன்படவில்லை. சாடியின் பெயரில் ஐயமில்லை. பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் வழியாக ஏற்றுமதியான மெருகிட்ட பெருஞ்சாடிகளுக்கு அவ்வூர்ப் பெயரே வழங்கியது. வட இந்தியாவில் ஊறுகாய்ச் சாடியை இன்றும் அப்பெயரால் அழைப்பர். தமிழில் வழங்கும் பீங்கான் என்னும் சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்தது. மலாய் மொழியில் அதுவே பிங்கான் என்று தட்டைக் குறிக்கிறது. அச்சார் என்னும் சொல்லும் பாரசீகச் சொல்லே. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் வெளியிட்ட நூலில், பச்சைச் சேங்கொட்டையை உப்பிலிட்டு வைப்பதை அச்சார் என்பர் என எழுதினார். மலாயருக்கும் அச்சொல் சென்றது. வெள்ளரிக்காயும் அன்னாசியும் காடியில் தோய்ந்து, மஞ்சள் நிறத்தோடு மலாயர் விருந்தில் வரும்போது அது அச்சார். எண்ணெயும் மிளகாயும் மிதக்கத் தமிழர் இலையோரத்தில் வரும்போது அது ஊறுகாய். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு சொல்லும் வழங்குகின்றன. இரண்டும் ஒரு பொருளைக் குறிப்பன அல்ல. காடியும் சர்க்கரையும் சேர்ந்தது அச்சார், எண்ணெயும் வெயிலும் சேர்ந்தது ஊறுகாய் என்று வேறுபாடு காண்பதே பொருத்தம்.

இனிப் பேராக்குக்கு வருவோம். 1874-இல் ஏற்பட்ட பங்கோர் உடன்படிக்கையால் ஆங்கிலேயர் அம்மாநிலத்தில் கால் ஊன்றினர். 1877-இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ காலத்தில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றென மதிக்கப்படும் முதுமரம் அவ்வூரில் இன்றும் காட்டப்படுகிறது. எனினும் தமிழர் முதலில் பெருந்தொகையாக உழைத்தது ரப்பருக்கு அன்று. கிரியான் வட்டாரத்துக் கரும்புக்கும், பின்னர்க் காப்பிக்கும், இருப்புப்பாதைக்கும் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் எல்லாம் ரப்பராயிற்று. 1907-இல் குடியேற்ற நிதி அமைந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது நின்று, கங்காணி முறையே தலையெடுத்தது.

இம்மாற்றம் ஊறுகாய்ச் சாடிக்கு நேரடித் தொடர்புடையது. ஒப்பந்தக் காலத்தில் வந்தவர் பெரும்பாலும் தனி ஆண்கள். பலர் ஓர் அறையில் கூடிச் சமைத்து, கடையில் கிடைத்த கருவாட்டையும் ஊறுகாயையும் தொட்டு உண்டு வாழ்ந்தோர் அவர்கள் என்று கொள்வதே இயல்பு. ஒரு மாதம் வெயிலில் வைத்து, நாள்தோறும் குலுக்கி, ஈரக்கை படாமல் காக்கும் பண்டம் தனி ஆளின் அறையில் பிழைப்பதில்லை. கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்தபோது மனைவியும் மக்களும் மாமியாரும் சேர்ந்து வந்தனர். சாடியும் அப்போதுதான் வந்திருக்க வேண்டும். லயத்து வீட்டில் ஊறுகாய் போடப்பட்டது என்றால், அவ்வீட்டில் குடும்பம் நிலைத்தது என்பது பொருள். குடிக்கணக்கு எடுத்தவர்கள் ஆண்களையும் பெண்களையும் எண்ணினர்; நிலைத்த குடும்பத்தை அளக்க அவர்களிடம் இவ்வளவு நல்ல அளவுகோல் இருந்ததா என்பது ஐயமே.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியோர் பினாங்கில் இறங்கினர். அங்கே ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்க் காப்புத் தங்கல் இருந்தது. பிற்காலத்தில் 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலே இப்பயணத்தின் அடையாளமாயிற்று. தூரப் பயணத்துக்குப் புளிச்சோறும் ஊறுகாயும் கட்டிக்கொடுப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். இபன் பதூதாவுக்கு அரசமகள் கொடுத்ததற்கும், கப்பலின் மேல்தட்டுப் பயணிக்குத் தாய் கட்டிக்கொடுத்ததற்கும் பண்டத்தில் வேறுபாடில்லை. சாடியின் பருமனில்தான் வேறுபாடு.

தோட்டத்தில் நாள் விடியுமுன் பெரட்டு. பிறகு பால்வெட்டு, பால் சேகரிப்பு, ஸ்டோரில் நிறுவை. வீடு திரும்பும்போது நண்பகல் நெருங்கிவிடும். 1920-களின் இறுதியில் எளிதில் சென்றடையத்தக்க வட்டாரங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பத்துக் காசு குறைத்துக் கொடுக்கப்பட்ட பெண், வீடு வந்தபின் செய்த வேலைக்குக் கணக்கேடு இல்லை. உச்சிவெயில் இருக்கும்போதே காயை அரிந்து உப்பிட்டுப் பரப்ப வேண்டும். பொழுது சாயுமுன் எடுத்துச் சாடியில் இட்டு வாய் கட்ட வேண்டும். மறுநாளும் அவ்வாறே. உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. வெயில் அந்நீரை உறிஞ்சுகிறது. வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும் மிளகாயும் மணமும் காப்பும் தருகின்றன. மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுக்கிறது. புளிப்பில் கிருமி பெருகாது என்னும் உண்மையை நூல்வழிக் கற்காமலே அவர்கள் கையாண்டனர். சொல்லப்போனால், காடியின் தன்மை தோட்டத்துப் பெண்ணுக்குப் புதிதன்று. மரத்திலிருந்து வடித்த பாலை ஸ்டோரில் உறையவைக்க முற்காலத்தில் இட்டது அசிட்டிக் அமிலம். காடியின் புளிப்பும் அதே அமிலந்தான். பிற்காலத்தில் பார்மிக் அமிலம் அதன் இடத்தைப் பிடித்தது. பகலெல்லாம் அந்த நெடியில் நின்றவள் வீட்டில் காடியை விட்டு எண்ணெயை நாடியதில் வியப்பென்ன?

எந்தக் காய் என்பது இடத்தைப் பொறுத்தது. ஊரில் நார்த்தங்காயும் களாக்காயும் கிடைத்தவர்களுக்குப் பேராக்கில் மாங்காயும் எலுமிச்சையும் கஸ்தூரி எலுமிச்சையும் கிடைத்தன. மலாயர் கம்பத்து வேலியோரம் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் பிலிம்பிக்காய் புளிப்பில் யாருக்கும் இளைத்ததன்று. கடுகும் வெந்தயமும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் மட்டும் கடைச்சரக்கு. அவற்றைக் கடல்கடந்தே வரவழைக்க வேண்டும். காய் இந்த மண்ணுக்கு உரியது, மணம் அந்த மண்ணுக்கு உரியது என்பதே தோட்டத்து ஊறுகாயின் இலக்கணம்.

தீபாவளிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெறும் சுவையைப் பற்றியதன்று. ஐப்பசி மாதம் பேராக்கில் மழை மிகுந்த காலம். காலையில் மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்தோடும், வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளில் கூலி குறையும். பண்டிகைச் செலவு ஏறும் மாதமும் வருவாய் இறங்கும் மாதமும் ஒன்றாக அமைந்தது தோட்டத் தொழிலாளியின் தீவினை. அம்மாதத்தில் கடனும் முன்பணமும் இல்லாமல் பண்டிகை கொண்டாடுவது அரிது. வெயில் காலத்தில் போட்டு மழைக்காலத்தில் திறக்கும் சாடியோ அந்தக் கடனுக்கு அப்பாற்பட்டது. புத்தாடையும் ஆட்டுக்கறியும் பணத்தால் வருவன. ஊறுகாய், முன்னே செலுத்திவைத்த உழைப்பால் வருவது. தீபாவளிக்கு முதல்நாள் முன்னோர்க்குப் படையல் இடும் குடும்பங்களில், இறந்தோர் விரும்பிய உணவெல்லாம் இலையில் ஏறும். அங்கே கறியோடும் அவித்த முட்டையோடும் ஊறுகாயும் தன் மூலையில் இடம்பெறும். முட்டையும் ஊறுகாயும் ஓர் இலையில் இருந்தும் ஒரு சாடியில் இல்லை என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

சீனரின் உப்பு முட்டைக்குத் தொன்மை குறைவன்று. ஆறாம் நூற்றாண்டில் ஜியா சிசியே என்பவர் எழுதிய வேளாண்மை நூல் ஒன்று, குடிமக்களுக்கு இன்றியமையாத கலைகள் என்னும் பொருள்படும் தலைப்புடையது. வாத்து வளர்ப்பைச் சொல்லும் பகுதியில் முட்டையை ஊறவைக்கும் முறையும் வருகிறது. ஒருவகை மரப்பட்டையை இடித்துக் காய்ச்சிச் சாறெடுத்து, சாறு இருபது பங்குக்கு உப்பு ஒரு பங்கு சூடாக இருக்கும்போதே கலந்து, நன்கு ஆறியபின் சாடியில் ஊற்றி வாத்து முட்டைகளை அமிழ்த்த வேண்டும். ஒரு மாதத்தில் உண்ணலாம். உப்பு ஊடுருவியபின் முட்டை மிதக்கும் என்று அந்நூல் கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு மேலாகியும் முறை பெரிதும் மாறவில்லை. உப்புநீரில் இடுவோரும் உண்டு. உப்பும் கரியும் கலந்த சேற்றைப் பூசி வைப்போரும் உண்டு. ஓட்டின் நுண்துளை வழியே உப்பு உட்செல்கிறது. வெண்கரு நீராகவே நின்று உவர்க்கிறது. மஞ்சட்கரு இறுகிச் செம்மையடைந்து எண்ணெய் கசிகிறது. பச்சையாகவே சாடியில் கிடக்கும் முட்டையை எடுத்து, உண்ணும்போதுதான் அவிப்பர்.

கிந்தாப் பள்ளத்தாக்கு இதற்கெனவே அமைந்த நிலம் போன்றது. ஈயம் தோண்டிய குழிகளில் நீர் நிறைந்து ஏரிகளாயின. அந்நீர்நிலைகளில் வாத்து வளர்த்தனர். தஞ்சோங் துவாலாங் அருகே 1938-இல் கட்டப்பட்ட ஈயக்கப்பல் 1982-இல் நின்றது. 1985-இல் ஈயத்தின் விலை உலகச் சந்தையில் சரிந்தது. குளங்களும் வாத்துகளும் எஞ்சின. வாத்து முட்டையின் செம்மஞ்சட்கரு, ஐந்தாம் திங்களின் டிராகன் படகுத் திருநாளில் இலையில் பொதிந்த அரிசிப் பொட்டலத்துள்ளும், எட்டாம் திங்களின் முழுமதி நாளில் நிலவுப் பணியாரத்துள்ளும் புகுந்தது. பணியாரத்தை அறுத்தால் நடுவே முழுநிலவு போல் அக்கரு தோன்றும்.

முட்டைக்கும் பண்டிகைக்கும் உள்ள இவ்வுறவு சீனர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி முதல் குடியேறிய ஜெர்மானியர் வழிவந்தோர், ஈஸ்டர் திருநாளுக்கு அவித்த முட்டையை உரித்து, பீட்ரூட் கிழங்கோடு காடியும் சர்க்கரையும் சேர்ந்த சாற்றில் ஊறவைப்பர். இரண்டு மூன்று நாளில் வெண்கரு செம்மை ஏறிவிடும். அவர்களை டச்சுக்காரர் என்று உலகம் தவறாக வழங்குகிறது. ஜெர்மானியரைக் குறிக்கும் டாய்ச் என்னும் சொல் அவ்வாறு திரிந்தது. ஈஸ்டருக்கு முன்னைய நாற்பது நாள் நோன்பில் முட்டை உண்ணலாகாது என்பது மேலைக் கிறித்தவத்தின் பழைய கட்டளை. கோழி அதை அறியுமா? முட்டை சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்ததைக் கெடாமல் வைக்க வழி தேடியதும், நோன்பு முடிந்த நாளில் அதை அள்ளி உண்டதும் இயல்பாக நேர்ந்தவை. அவ்வகையில் ஊறுமுட்டை, முட்டை மிஞ்சிய வீட்டின் கண்டுபிடிப்பு.

தோட்டத்து லயத்தில் முட்டை மிஞ்சவில்லை. தமிழர் வீட்டு முற்றத்தில் கோழி இருந்தது. அதன் முட்டை முதலில் அடைகாக்க உரியது. அடுத்து விற்க உரியது. மிகுந்தது மருந்துக்கு உரியது. பருவமெய்திய பெண்ணுக்குப் பச்சை நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுப்பது இன்றளவும் மலேசியத் தமிழர் விடாத வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கும் முட்டை உண்டு. உடலைத் தேற்றுவதற்கு உரிய பொருளை உப்பில் ஆழ்த்தி ஒரு மாதம் காத்திருக்க யாருக்கும் மனம் வராது. வாத்து வளர்க்கக் குளம் வேண்டும். குளமோ சுரங்க நிலத்தில் இருந்தது, தோட்டத்தில் இருந்தது பாலும் களையுமே. ஆகவே முட்டையைச் சீனர் ஊறப்போட்டதும் காயைத் தமிழர் ஊறப்போட்டதும் ஒரே அறிவின் இரு கிளைகள். தம் கையில் எது மிஞ்சியதோ அதையே இருவரும் உப்பிட்டனர். இதனைச் சாதியாசாரம், சமயம் என்று மட்டும் விளக்க முயல்வது பொருந்தாது. ஆசாரம் தடையாக இருந்திருந்தால், கடையில் வாங்கிய உப்பு முட்டை தமிழர் சோற்றில் ஏறியிருக்குமா?

செம்முட்டையும் இவ்வாறே. குழந்தை பிறந்து ஒரு திங்கள் நிறைந்ததும் சீனர் சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டையை உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் அனுப்புவர். மலாயர் திருமணத்தில் விருந்தினர்க்குக் காகிதப் பூவோடு சேர்த்துச் சாயமிட்ட முட்டையைக் கொடுப்பது மரபு. பூங்ஙா தெலோர் என்பது அதன் பெயர். இக்காலத்தில் அவ்விடத்தை மிட்டாயும் பணியாரமும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. தமிழர் செம்மையை முட்டையில் ஏற்றவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆலத்தி நீரில் அதைக் கண்டனர். மஞ்சள் நிறப்பொருள் சுண்ணாம்பின் காரத்தில் சிவப்பாகிறது. பீட்ரூட்டின் செம்மையோ காடியின் புளிப்பில் நிலைக்கிறது. மங்கல நாளுக்குச் செந்நிறம் வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒருப்பட்டனர்.

சாடியின் அமைதியான வாழ்வு 1930-களின் தொடக்கத்தில் குலைந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்து, தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் கூலி வெட்டப்பட்டது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்தது. புதிய ஆள் வரவு நின்றது. இருப்போரே தலைமுறையாக வேண்டிய நிலை வந்தது. அடுத்து ஜப்பானியர் ஆட்சி. 1942 முதல் 1945 வரை கடல்வழிச் சரக்கு அற்றது. அரிசியும் உப்பும் சர்க்கரையும் பங்கீட்டுக்கு உட்பட்டன. மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. தேங்காயெண்ணெய் கிடையாதோர் சிவந்த செம்பனை எண்ணெயில் சமைத்தனர். தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் இருப்புப்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, பலர் திரும்பவில்லை. நல்லெண்ணெயும் கடுகும் வெந்தயமும் இன்றி ஊறுகாய் ஏது? மணம் அந்த மண்ணுக்கு உரியது என்று மேலே கூறியதன் கொடுமை அப்போதுதான் தெரிந்தது.

போர் முடிந்து மூன்றாண்டுக்குள் மற்றொரு கேடு. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளையரான தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பேராக்கில் தொடங்கி மலாயா முழுதும் பரவி, 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவு செல்லாமல் தடுப்பதே அரசின் பெரும்படைக்கலம். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டுக் கம்பிவேலிக்குள் வந்தன. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த வட்டாரங்களில் அரிசி பங்கீட்டில்தான் கிடைக்கும். தகர உணவுகளைக் கடைக்காரர் விற்கும்போதே துளையிட்டுத் தர வேண்டும். துளைத்தது சேர்த்துவைக்க ஆகாது. வேலைக்குப் போகும் பால்வெட்டுக்காரர் உணவை வாயிலுக்கு வெளியே கொண்டுபோக முடியாது, சோதனை உண்டு. தகரத்தைத் துளைத்த சட்டத்தின் நோக்கமே உணவு நெடுநாள் கெடாமல் இருக்கக் கூடாது என்பது. ஊறுகாயின் நோக்கமோ உணவு நெடுநாள் கெடாமல் இருக்க வேண்டும் என்பது. பன்னிரண்டு ஆண்டு காலம் இவ்விரண்டும் ஒரே வேலிக்குள் எதிரெதிரே நின்றன. சோறும் ஊறுகாயுமாகக் கட்டிய பொட்டலத்தைப் பால்வாளியோடு தூக்கிச் செல்வது, தொழிலாளர் வாழ்வில் மிகச் சாதாரணமான செயல். அதுவே ஐயத்துக்குரிய செயலானது. இக்காலத்தை எழுதுவோர் துப்பாக்கிச் சண்டைகளை எண்ணிவிட்டு நின்றுவிடுகின்றனர். பசித்த வயிற்றோடு மரத்தின் முன் நின்றவளை எண்ணுவோர் குறைவு.

விடுதலைக்கு முன்னும் பின்னும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வாங்கியோர் கூறுபோட்டு விற்றனர். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் கூரையும் போகும். இதற்கு மாற்றாகத் தொழிலாளரே பங்குசேர்த்துத் தோட்டம் வாங்கும் பொருட்டு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதற்கு முன்னின்ற வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். சங்கம் பல தோட்டங்களை மீட்டது. எல்லாவற்றையும் மீட்க யாராலும் இயலவில்லை. பின்னர் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பதில் பல இடங்களில் வீடமைப்பு வந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் சிறுநகரங்களுக்கும் பெயர்ந்தன. லயத்து முற்றம் போயிற்று. முற்றத்தோடு மாமரமும் பிலிம்பியும் போயின. காயை உலர்த்துவதற்கு அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் நாளில் ஓரிரு மணி நேர வெயிலே எஞ்சியது.

இம்மாற்றத்தால் ஊறுகாய் அழிந்துவிட்டது என்று சொல்வது மிகை. வாழ்ந்த இடம் மாறியது. போடும் அளவு சுருங்கியது. ஈப்போவில் தீபாவளி நெருங்கும்போது லகாட் சாலைப் பக்கத்துக் கடைகளில் முறுக்கும் அதிரசமும் குவிகின்றன. ஊறுகாய்ப் புட்டிகளும் ஆண்டு முழுதும் கிடைக்கின்றன. வாங்க வசதி உள்ளோர் வாங்குகின்றனர். எனினும் வீட்டில் போடுவோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் பலர் தோட்டத்தில் பிறந்த மூத்த பெண்கள். அளவைக் கேட்டால் கைப்பிடி என்பர், கண்ணளவு என்பர். சாடி கைதவறி உடைந்தால் வேறு சாடி வாங்கலாம். கண்ணளவை எழுதி வைத்தோர் இல்லை. தோட்டங்களின் வரைபடங்களும் கணக்கேடுகளும் ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. எத்தனை ராத்தல் ரப்பர் எந்த ஆண்டில் ஏற்றுமதியாயிற்று என்று அறிய விரும்புவோர்க்கு இடர் இல்லை. அதே ஆண்டில் அத்தோட்டத்து வீட்டில் என்ன காய், எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று அறிய விரும்புவோர் அம்மூதாட்டியரையே நாட வேண்டும். அவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகின்றன.

தமிழரும் சீனரும் தனித்தனியே உப்பிட்டவை ஈப்போவில் சேர்ந்து கிடைக்கும் இடமும் ஒன்றுண்டு. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த நாசி கண்டார் கடையில், சிவந்த கோழிக்கறியும் குழம்பும் ஊற்றிய சோற்றின்மேல், பாதியாக அறுத்த உப்பு முட்டை ஒன்றை வைத்துத் தருவர். அருகே கொஞ்சம் அச்சாரும் வரக்கூடும். பாரசீகப் பெயருடைய காயும், சீன முறையில் ஊறிய முட்டையும், தமிழ்ப் பெயருடைய கறியும், மலாய்ப் பெயருடைய சோறும் ஒரு தட்டில் உண்ணப்படுகின்றன. உண்பவர் சொல்லாராய்ச்சி செய்வதில்லை. குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்கின்றனர்.

வீட்டில் இன்று ஊறுகாய் போடுவோர் பீங்கான் சாடியைத் தேடுவதில்லை. வாயகன்ற கண்ணாடிப் புட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, அதில் காயை நிரப்புகின்றனர். ஈரக்கரண்டி போடக்கூடாது, காய்க்கு மேலே ஒரு விரல் உயரம் எண்ணெய் நிற்க வேண்டும் என்னும் இரண்டு விதிகளை மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான் மூடியை மூடுகின்றனர்.